பனிமலை தெரியும் குசினி

வீடு திருத்தும் மேசன் மர்சூக் பாஸ் பேஸ்புக்கில் போட்ட சமையலறைப் படத்தில், அந்தக் குசினியின் ஜன்னலுக்கு வெளியே ஒரு பனிமலை தெரிந்தது. போடும்போது அவர் அதைக் கவனிக்கவில்லை. கட்டாரிலிருந்து ஹிமாயா என்றொரு பெண் கவனித்துவிட்டாள்.

"சலாம் பாஸ். குசினி நல்ல வடிவு. சாய்ந்தமருதுல இந்த மலை எந்தப் பக்கம் இருக்கு?"

சாய்ந்தமருது கடற்கரை ஊர்; ஒரு குன்றுகூடக் கிடையாது. மர்சூக் கைபேசியைக் கட்டிலில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் எடுத்தார். கேள்வி அங்கேயேதான் இருந்தது.

எல்லாம் மருதமுனை ஜவுபரால் வந்த வினை. நேற்று முளைத்த கொந்தராத்துக்காரன் அவன். இடிக்க முன் ஒரு படம், கட்டிய பின் ஒரு படம் என்று நாள் தவறாமல் பேஸ்புக்கில் போடுகிறான். கல்முனையில் கக்கூசுக்குக் கதவு மாற்ற நினைப்பவர்கூட முதலில் அவனுடைய பக்கத்தைத்தான் பார்க்கிறார். இருபத்திரண்டு வருடமாக வீடு திருத்துகிற மர்சூக்குக்கு இரண்டு மாதமாக ஒரு கோழிக்கூட்டு வேலைகூட வரவில்லை.

மனைவி றிஸ்லாவின் தங்கை ஸகியாதான் அவருக்கும் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். "மச்சான், நீங்க செஞ்ச வேலையளப் படம் எடுத்துப் போடுங்க" என்று சொல்லியும் விட்டாள். வேலை முடிந்த வீட்டைப் படம் எடுக்கும் பழக்கம் மர்சூக்குக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இணையத்தில் தேடி, இருந்ததிலேயே பளபளப்பான குசினிப் படம் ஒன்றைப் பிடித்து, 'எமது கைவண்ணம்' என்று எழுதிப் போட்டுவிட்டார்.

"அது ஜன்னல்ல ஒட்டின ஸ்டிக்கர், தங்கச்சி" என்று இப்போது பதில் எழுதினார்.

"அப்படியா. இது யார்ர வீடு? எங்கட உம்மாவ அனுப்பிப் பாக்க ஏலுமா?"

யாருடைய பெயரைச் சொன்னாலும் நாளைக்கே போய்க் கதவைத் தட்டுவார்கள். "எங்கட சொந்த வீடுதான்" என்று எழுதி அனுப்பினார். அனுப்பிய பிறகுதான் எழுந்துபோய்த் தன் வீட்டுக் குசினியை எட்டிப் பார்த்தார்.

புகை படிந்த சுவர். கதவு இல்லாத அலுமாரி. ஒழுகும் குழாய்க்குக் கீழே ஒரு வாளி. கலியாணம் முடித்த வருடம், "அடுத்த மாசம் பூசித் தாறன்" என்று றிஸ்லாவுக்குச் சொன்ன சுவர் இன்னும் செங்கல்லாகவே நின்றது. கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன றிஸ்லா இப்போதெல்லாம் அதைப் பற்றிக் கதைப்பதே இல்லை.

"இப்ப பெயின்ட் அடிக்கிற வேல நடக்கு. பொறகு பாக்கலாம்" என்று ஹிமாயாவுக்கு எழுதினார்.

"பரவால்ல, வீடியோ எடுத்து அனுப்புங்க. பிடிச்சா நிந்தவூர்ல எங்கட வீடு முழுக்க உங்கள வெச்சித்தான் திருத்துற."

வீடு முழுக்க. அடுத்த நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து மர்சூக் சம்மட்டியை எடுத்தார்.

"என்ன செய்றீங்க?" என்று ஓடிவந்தாள் றிஸ்லா.

"குசினிய உடைக்கிறன். ஒரு கஸ்டமருக்குக் காட்டணும்."

"யாரோ ஒருத்திக்குக் காட்ட என்ட குசினிய உடைக்கிறதா? நான் எங்க சமைக்கிற?"

"மூணு நாள்தான், புள்ள."

மூன்றாம் நாள் சுவருக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் உடைந்தது. இந்த இடத்தில் குழாய் பதித்தவன் எந்த மடையன் என்று ஏசிக்கொண்டே தோண்டினார். கிடங்கு பாதி தோண்டிய பிறகுதான், பதித்தவனே தான்தான் என்று ஞாபகம் வந்தது. றிஸ்லா முற்றத்தில் மூன்று கல் வைத்துச் சமைத்தாள். ஐந்தாம் நாள் மழை பிடித்தது. கேஸ் அடுப்பு வரவேற்பறைக்கு வந்தது. சோபாவில் நெத்தலி மணத்தது.

ஹிமாயா ஒருநாளும் விடவில்லை; நாளுக்கொரு படம் அனுப்பச் சொன்னாள். "வேலை செய்யிற இடத்துல போன்ல கதைக்க ஏலா" என்று எழுத்திலேயே உயிரை எடுத்தாள். பெயின்ட் அடிக்கிறதாகச் சொன்ன வீட்டில் சுவரே இல்லையே என்று கேட்டதற்கு, "இன்னும் வடிவாக்கிறம்" என்று சொல்லிச் சமாளித்தார்.

"அடுப்பு வைக்கிற தட்டு உசரமா தெரியுதே பாஸ். நான் கட்டையான ஆள்."

கொங்கிரீட் தட்டை உடைத்து நான்கு அங்குலம் இறக்கினார்.

"தேங்காய் திருவ ஒரு இடம் வேணுமே."

அதற்காகப் புதுச் சுவரில் பாதியை இடித்தார்.

"அந்த மலை ஸ்டிக்கர் எங்க?"

கல்முனையில் பிரின்ட் அடிக்கிற கடையில் சொல்லி ஒரு பனிமலை எடுத்து வந்து ஒட்டினார். அடிவாரத்தில் ஒரு மாடு நின்றது. "முதல் படத்துல மாடு இல்லையே" என்றாள் ஹிமாயா. அரை நாள் இருந்து மாட்டைச் சுரண்டி எடுத்தார். அதைப் பார்த்துவிட்டு, "உள்ளுக்கு இருட்டா இருக்கு. ஸ்டிக்கரே வேணாம், கழட்டுங்க" என்று எழுதினாள்.

"இவளுக்குக் கட்டிக் குடுக்கிறதுக்கு நான் கடலுக்குள்ள வீடு கட்டலாம்" என்றார் மர்சூக்.

"ஓம், அப்படியே அந்தக் கடல்லயே சமைச்சும் சாப்பிடுங்க" என்றாள் றிஸ்லா, சோபாவில் இருந்து வெங்காயம் உரித்தபடி.

இருபத்திரண்டாம் நாள் வேலை முடிந்தது. வெள்ளை டைல்ஸ், கதவு வைத்த அலுமாரிகள், ஒழுகாத குழாய், கடற்காற்று வரும் பெரிய ஜன்னல். மர்சூக்கே வாசலில் நின்று ஒரு நிமிடம் பார்த்தார். வீடியோ எடுத்து அனுப்பினார்.

"மாஷா அல்லாஹ், இதத்தான் நினைச்ச" என்று உடனே பதில் வந்தது. அடுத்த வரியும் வந்தது. "ஆனா பாஸ், எங்கட அவர் நிந்தவூர் வீட்ட நேத்து வித்துட்டாரு."

மர்சூக் பெயின்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்துவிட்டார். றிஸ்லா புதுக் குசினியில் ஊற்றிய முதல் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

"அந்தப் பொய்க் குசினிய அழிங்க" என்றாள் மெதுவாக. "உடைக்கிற நேரம் எடுத்ததையும் இப்ப எடுத்ததையும் போட்டு, எங்கட வீடுதான் எண்டு உள்ளத எழுதுங்களன்."

எழுதினார். பின்னேரம் அசர் தொழுகைக்குள் அட்டாளைச்சேனையிலிருந்து ஒரு ஆசிரியை குசினி திருத்தக் கேட்டார். பெரியநீலாவணையிலிருந்து ஒருவர் வீட்டு முன்பக்கத்தையே மாற்ற வேண்டுமென்றார். பொழுதுபட்டு மஃரிபு தொழ முன் மூன்று வேலை சேர்ந்துவிட்டது. ஆனாலும் மர்சூக்கின் வயிற்றெரிச்சல் தீரவில்லை. ஹிமாயாவுக்கு ஒரு செய்தி எழுதினார். மனிதனின் நேரத்தோடு விளையாடுவது பாவமென்று தொடங்கி, நான்கு அங்குலத் தட்டையும் மாட்டையும் சொல்லி, இனி முகத்திலும் முழிக்க வேண்டாமென்று முடித்து அனுப்பினார். அப்போதுதான் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

இன்னொரு தேத்தண்ணி குடிக்கலாமென்று எழுந்தார். புதுக் குசினி பார்க்க வந்திருந்த ஸகியா, உள்ளே கைபேசியைப் பார்த்தபடி அக்காளிடம் கதைத்துக்கொண்டிருந்தாள்.

"றாத்தா, மச்சான் ஹிமாயாவுக்கு நல்லா ஏசிப் போட்டிருக்காரு. இவள இப்பவே அழிச்சிரவா, இல்லாட்டி உங்கட பாத்றூம் முடியுமட்டும் வெச்சிருக்கவா?"