சுலைமானி வெள்ளம்

இன்னொருவர் உயிராக வைத்திருந்த பொருளைக் கெடுத்தேன். கெடுத்துவிட்டு, மழையின் மேல் பழியைப் போட்டேன். (மழை வந்து மறுக்கப்போவதில்லை என்ற தைரியம்.) அதற்குப் பிறகு செய்தது இன்னும் கேவலம்.

நான் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களின் கேட்டலாக்குகளைச் சேர்ப்பவன். கடிகாரங்களை அல்ல, கேட்டலாக்குகளை. என்னைப் போல ஊருக்கு ஊர் ஒரு சில பைத்தியங்கள் உண்டு. கையில் கட்டியிருப்பது பிராட்வே நடைபாதைக் கடையில் வாங்கிய ரப்பர் வார் வாட்ச். ஆனால் வழவழப்பான தாளை முகர்ந்து பார்த்து, ஒரு முள்ளின் நீலம் சரியான நீலம்தானா என்று ஒரு வாரம் சண்டை போடுவோம். விலை அச்சிட்டிருந்தால் அதை மட்டமான கேட்டலாக் என்போம். வாங்க முடியாதவனுக்கு விலை தெரியாமலிருப்பது எவ்வளவு சௌகரியம்! படத்திலிருக்கும் வாட்ச் பழுதாகாது, சாவி கேட்காது. எப்போதும் பத்து மணி பத்து நிமிடம்தான். மட்டாஞ்சேரியில் என் அலமாரிக்குள் முப்பது வருடமாக அதே நேரம்.

"உங்க வாச்சுல சோறு திங்குற நேரம் வரவே வராது. பின்ன எதுக்கு எந்திரிச்சு வர்றீங்க?" என்பாள் என் மனைவி ஜமீலா.

பாளையங்கோட்டையில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் எங்கள் ஜாதி. அவரிடம் ஒரு கேட்டலாக் இருந்தது. கப்பலில் சமையல்காரராக இருந்த அவருடைய அண்ணன் ஏதோ துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தது. அதில் ஒரு பக்கத்தின் ஓரத்தில் அண்ணன் பேனாவால் எழுதியிருந்தார்: 'தம்பி, மூணாவது வாட்ச் உனக்கு.' வாங்கித் தருவதற்குள் அண்ணன் போய்விட்டார். கேட்டலாக் மிஞ்சியது.

அதை ஒரு மாதம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று நான் கெஞ்சிக் கேட்டேன். பழைய பட்டு வேட்டியில் சுற்றி அனுப்பிவைத்தார்.

இரண்டாம் நாளே சுலைமானிக் கிளாஸை (ஏலக்காய் தட்டிப்போட்ட, பாலில்லாத சாயா) அந்தப் பக்கத்தின் மேல் வைத்துவிட்டேன். மூணாவது வாட்சைச் சுற்றி இன்னொரு வாட்ச் போல வட்டமாகக் கறை. ஏலூரில் ஓர் ஆலையின் ஆய்வகத்தில் காலம் முழுக்க வேதியியல் பார்த்தவனுக்குக் கறை ஒரு பொருட்டா? வழவழப்பான தாள், ஒன்றும் ஆகாது என்று குழாயைத் திறந்து கழுவினேன். வாட்ச் அப்படியே இருந்தது. 'நீர் புகாதது' என்று கீழே போட்டிருந்தார்கள், உண்மைதான். அண்ணனின் பேனா எழுத்துதான் நீலமாகக் கரைந்து தொட்டிக் குழிக்குள் ஓடியது.

போன் செய்தேன். எங்கள் ஊர்த் தமிழில் மலையாளம் பாதி. குடிக்கிற தண்ணீருக்கே வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"அண்ணாச்சி, கேட்டலாக் வெள்ளத்துல போச்சு."

"ஐயையோ! வெள்ளமா? டிவியில மழைன்னுதான் சொன்னான். ஆளுக பூரா பத்திரமா இருக்கீகளா பாய்?"

அப்போதே சொல்லியிருக்கலாம், 'குழாய் வெள்ளம்' என்று. நான் சொன்னது: "அல்லா காப்பாத்தினான்."

"எம்புட்டு உயரம் வந்திச்சு?"

மேசையைப் பார்த்தேன். "இடுப்பு வரைக்கும்."

நாலாம் நாள் காலையில் போன். "பாய், வைட்டிலா பஸ் ஸ்டாண்டுல நிக்கேன். ஆட்டோக்காரனுக்கு உம்ம வீட்டு வழி சொல்லும்." கடைத்தெருவே சேர்ந்து கொடுத்த அலுமினியச் சட்டிகள், பாய்கள், போர்வைகள், அரிசி எல்லாவற்றையும் எனக்காக மூட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

எனக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நல்ல மனிதன் அதில் உண்மையைச் சொல்லும் வார்த்தைகளைத் தேடியிருப்பான். நான் தாடிக்கு மருதாணி பூசும் பிரஷைத் தேடினேன். அடுப்பிலிருந்த சுலைமானியைச் சட்டியோடு கொண்டுவந்து, கூடத்துச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு, அடிமட்டம் வைத்து வெள்ளக் கோடு போட்டேன்.

ஜமீலா வாசற்படியில் நின்று, பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "பிராந்து பிடிச்சிருச்சா உங்களுக்கு? நான் ஒரு வாக்கு கள்ளம் பறைய மாட்டேன், கேட்டீங்களா?"

அண்ணாச்சி வந்தார். மூட்டைகளை இறக்கினார். கோட்டைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது. "இம்புட்டு உயரமா!" என்று சுவரைத் தடவினார். பிறகு பக்கத்திலிருந்த அலமாரியைப் பார்த்தார். கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டு வரை என் கேட்டலாக்குகள் பளபளவென்று நின்றன.

"உம்மது ஒண்ணும் நனையலையோ?"

நான் அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். அவர் குனிந்து சுவரை முகர்ந்தார்.

"என்னவே இது, வெள்ளத்துல ஏலக்கா வாசம் அடிக்கி?"

ஜமீலா சிரிப்பை அடக்க அடுக்களைக்குள் ஓடினாள். நான் எல்லாவற்றையும் சொல்லி, கேட்டலாக்கை எடுத்துக் கொடுத்தேன்.

"கழுவுனீரா? கேட்டலாக்க ஏனம் கழுவுத மாதிரி கழுவுனீராவே?"

பக்கத்தைப் பிரித்து, வெறும் ஓரத்தை விரலால் தடவினார். ஒரு புள்ளிகூட மிச்சமில்லை. என் அலமாரி முழுவதையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்கு எதுக்கு? அதுல எங்கண்ணன் எழுத்து இருக்கா?" என்றார். கேட்டலாக்கைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பினார். மூட்டைகளைத் தொடவில்லை. "இதத் திரும்பக் கொண்டுபோயி தெருவுல என்ன சொல்ல? வெள்ளம் பொய்னா?"

அது பொய் என்று தெருவில் சொல்ல வேண்டியவன் நான்தானே. அடுத்த வாரம் மூட்டைகளோடு பாளையங்கோட்டைக்குப் போனேன். கடை கடையாக ஏறி, சட்டியைக் கொடுத்து, செய்ததைச் சொன்னேன். மூன்றாவது கடைக்கு நான் போவதற்கு முன்பே சிரிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. கடைசியில் அண்ணாச்சி கடை. அவர் கேட்டலாக்கையும் ஒரு பேனாவையும் என் முன்னால் தள்ளினார்.

"அழிச்சவரு எழுதும்."

அழகாக எழுதினேன்: 'தம்பி, மூணாவது வாட்ச் உனக்கு.'

உற்றுப் பார்த்தார். "எங்கண்ணனுக்கு எழுத்து சரியா வராது பாய். மூணு சுழி போடுத எடத்துல ரெண்டு சுழிதான் போட்டிருந்தான். நீரு படிச்சவரு, திருத்திப்புட்டீரு."

எழுதியதை அடித்துவிட்டு அதன் கீழே 'மூனாவது' என்று பிழையாக எழுதினேன். அவர் தலையசைத்தார். மன்னித்தார் என்று சொல்ல மாட்டேன். அதற்குப் பிறகு எனக்கு எந்தக் கேட்டலாக்கும் தந்ததில்லை. மழை தொடங்கினால் மட்டும் போன் வரும்: "பாய், வெள்ளமா, தண்ணியா?"

சுவருக்கு இரண்டு முறை வெள்ளையடித்தும் கோடு தெரிகிறது. விருந்தாளிகள் ஏனென்று கேட்டால் பதில் சொல்லும் உரிமை ஜமீலாவுடையது. எனக்குச் சுலைமானி கொண்டுவரும்போதெல்லாம் கிளாஸைக் கையில் கொடுக்காமல் நின்று, இன்றைக்கும் கேட்கிறாள்:

"குடிக்கவா, செவருக்கா?"