என்னுடைய நாளில் வந்த ரோல்ஸ்

கணவனும் மனைவியும் எப்படி நியாயமாக முடிவெடுக்க வேண்டும் என்று நண்பர்களுக்கு நான் வகுப்பெடுத்த காலம் ஒன்று இருந்தது. அப்போது எனக்குக் கலியாணமாகி ஏழு மாதம்தான்.

எங்கள் ரெக்ஸ்டேல் அப்பார்ட்மென்டில் என்ன சமைப்பது, யார் வீட்டுக்குப் போவது என்று எல்லாவற்றுக்கும் எனக்கும் என் மனைவி ஜெனிற்றாவுக்கும் இழுபறி. ஆகவே ஒரு சட்டம் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினேன். ஒற்றைத் தேதிகளில் அவள் முடிவு, இரட்டைத் தேதிகளில் என் முடிவு. மற்றவர் வாய் திறக்கக்கூடாது. (கடைசி வரியை எழுதியபோது என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.)

தவக்காலத்து வெள்ளிகளில் எங்கள் செபக் குழு ஒவ்வொரு வீடாகக் கூடிச் சிலுவைப்பாதை சொல்லும். முதல் முறையாக எங்கள் முறை வந்தது. ஜெனிற்றா ஒரு வாரமாகத் திரைச்சீலை துவைத்தாள், யன்னல் துடைத்தாள், கதிரை இரவல் வாங்கினாள். குழுவின் அன்ரிமாரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்று அவளுக்கு அவ்வளவு ஆசை. ஆனால் அந்த வெள்ளி இரட்டைத் தேதி. சாப்பாடு என் பொறுப்பு.

"வாங்கேக்க ஒண்டை மட்டும் மறந்திடாதேங்கோ" என்று தொடங்கினாள். நான் பிரிட்ஜைக் காட்டினேன். அவளும் விட்டுவிட்டாள்.

செபம் தொடங்குகிற நேரத்தில்தான் மூடிய ட்ரேயோடு வந்து சேர்ந்தேன். முடிந்ததும் பெருமையாகத் திறந்தேன். மாவில் சுருட்டிப் பொரித்த ரோல்ஸ், அறுபது. குழுத் தலைவி றெஜினா அன்ரி முதலில் ஒன்றை எடுத்துக் கடித்தார். தாடை அப்படியே நின்றது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல், "பிள்ளை, இது ஆட்டிறைச்சியெல்லோ?" என்றார்.

தவக்காலத்து வெள்ளியில் இறைச்சி தொடக்கூடாது என்பது கோயிலில் முதல் நன்மை எடுத்த சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே கடையில் மீன் ரோல்ஸும் இருந்தது. எனக்குத்தான் மூளை இருக்கவில்லை.

அன்ரி கேட்டது என்னையல்ல, ஜெனிற்றாவை. இருபது பேரும் அவளைத்தான் பார்த்தார்கள். முடிவெடுத்தவன் நான், முகம் கறுத்தது அவளுக்கு. என் சட்டத்தில் இதற்கு ஒரு வரியும் இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"அன்ரி, அவவில பிழையில்லை. நான்தான் வாங்கினனான். சொல்ல வந்தவ, நான் விடேல்லை."

ஜெனிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிரிட்ஜில் ஒட்டியிருந்த சட்டத்தைக் காட்டி அமைதியாகச் சொன்னாள். "இண்டைக்கு அவற்ற நாள், அன்ரி."

அதை வாசித்த அன்ரிக்குச் சிரிப்பு வந்து புரைக்கேறிவிட்டது. (அந்தக் கடி உள்ளே போனதா வெளியே வந்ததா என்று கேட்க இன்றுவரை எனக்குத் துணிவில்லை.) மற்றவர்களுக்குத் தேத்தண்ணியும் பிஸ்கற்றும் கிடைத்தன.

சட்டத்தை அன்றைக்கே கிழித்தேன். இப்போதெல்லாம் ஒருவர் சொல்வதை மற்றவர் முழுக்கக் கேட்ட பிறகுதான் முடிவு. கொத்தமல்லிக் கட்டு வாங்கவும் கடையில் நின்று போன் எடுக்கிறேன், அவளும் எடுக்கிறாள். கூட நேரம் எடுக்கிறது, ஆனால் சண்டை குறைவு.

எங்கள் கோயில் பங்கிலோ, யாருடைய கணவன் காரைக் கம்பத்தில் இடித்தாலும் மனைவிமார் சொல்வது ஒன்றுதான்: "இண்டைக்கு அவற்ற நாள்." றெஜினா அன்ரி இன்றும் எங்கள் வீட்டுச் சிலுவைப்பாதைக்குத் தவறாமல் வருகிறார், கைப்பைக்குள் தன்னுடைய மீன் கட்லட்டோடு.