ஏழாவது பல்பு

கார்த்திகேசு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. அவனால்தான் அதில் உட்கார முடியவில்லை.

அன்று சனிக்கிழமை. கிள்ளான் டவுனில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்த கிளினிக்கில், காலையிலேயே போய்க் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருந்தான். ஏற்கெனவே நான்கு பெண் பிள்ளைகள். ஐந்தாவதுக்கு வீட்டில் இடமில்லை, அவனிடம் தெம்பும் இல்லை. ஆனால் அவன் அம்மா இராஜம்மா, பேரன் பிறந்தால் பத்துமலைக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டிருந்தார். மனைவி சந்திரகலா வெள்ளிக்கிழமை தவறாமல் மாமியாரோடு கோயிலுக்குப் போய் எலுமிச்சை விளக்குப் போட்டாள். இரண்டு பேரும் இப்படிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, கடையைச் சாத்திவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அம்மா அழுது தீர்த்துவிடுவார். சந்திரகலா அழமாட்டாள், பேசமாட்டாள். ஒருமுறை நான்கு மாதம் பேசாமல் இருந்தவள் அவள். கிளினிக்கின் சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்தை இவனே போட்டது தெரிந்தால் ஆயுசுக்கும் பேசமாட்டாள்.

"ஓவர்டைம் முடிஞ்சுதா?" என்றாள் சந்திரகலா.

"முடிஞ்சுது. சரியான வேலை லா."

"ஷா ஆலம் ஃபேக்டரியிலேருந்து போன் வந்துச்சு. ஓவர்டைமுக்கு ஆள் இல்லையாம். சூப்பர்வைசர் நீங்க எங்கன்னு கேட்டாங்க."

"அது... போற வழியில மோட்டார்லேருந்து விழுந்துட்டேன்."

சந்திரகலா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "ஒரு கீறல் இல்ல. காலை ஏன் அகட்டி நடக்குறீங்க?"

"வயித்து வலி."

"ரெண்டு வருஷத்துக்கு முன்ன காஜாங்ல அக்கா வீட்டுக்குப் போய்ச் சாத்தேக் கறி சாப்பிட்டு, எனக்குந்தான் மூணு நாள் வயித்து வலி. நான் என்ன வாத்து மாதிரியா நடந்தேன்?" அவள் கிட்டே வந்து முகர்ந்தாள். "டெட்டால் வாடை. எவ வீட்ல குளிச்சீங்க?"

விஷயம் அங்கே போய் நிற்கும் என்று கார்த்திகேசு எதிர்பார்க்கவில்லை. மேசையில் நாசி லெமாக் சோறு கட்டி வந்த செய்தித்தாள் விரிந்து கிடந்தது. அமெரிக்காவில் ஒருவனைப் பறக்கும் தட்டு தூக்கிக்கொண்டு போனதாக, சம்பல் குழம்புக் கறையோடு ஒரு செய்தி.

"சொன்னா நம்ப மாட்ட. டெங்கில்ல ஒருத்தன் டுரியான் பழம் தரேன்னான்னு போனேன். எஸ்டேட் ரோட்ல திடீர்னு ஒரு வெளிச்சம். என்னைத் தூக்கிட்டாங்க."

"யாரு?"

கார்த்திகேசு கூரையைக் காட்டினான்.

"பட்டப்பகல்ல எதுக்கு வெளிச்சம்?"

அவனுக்குக் கற்பனை வராது. காலையில் பார்த்ததையே சொல்லத் தொடங்கினான்.

"சில்லுன்னு ஒரு கட்டில். பச்சைத் துணி போட்ட ரெண்டு பேரு. கண்ணு மட்டுந்தான் தெரிஞ்சுது. என்னமோ பண்ணாங்க. 'தா சாக்கிட், தா சாக்கிட்'னு சொன்னாங்க."

"வலிக்காதுன்னா? மேலேருந்து வந்தவங்க மலாய் பேசுனாங்களா?"

"இந்த ஊருக்கு வந்தா பேசித்தானே ஆகணும்? தலைக்கு மேல வட்டமா ஒரு விளக்கு. ஏழு பல்பு. அதுல ஒண்ணு எரியல."

சந்திரகலா ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து நாற்காலியில் போட்டாள்.

"உக்காருங்க," என்றாள்.

நம்பிவிட்டாள் என்று கார்த்திகேசு நினைத்துக்கொண்டான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வரிசை வீட்டுச் சுவர் மெல்லியது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லியின் காது கூர்மையானது. ஞாயிறு காலைக்குள் தாமான் குடியிருப்பு முழுக்கச் செய்தி போய்விட்டது.

இராஜம்மா மகனைத்தான் திட்டினார். "அவ்ளோ சக்தி உள்ளவங்க! ஒரு ஆம்பளப் புள்ள குடுங்கன்னு கேட்டிருக்கலாமே, வாயில என்ன கொழுக்கட்டையா?"

பத்து மணிக்குப் புஷ்பவல்லி தன் கணவன் பாலனை இழுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இவரையும் போன வருஷம் தூக்கிட்டாங்களாம்! இப்பத்தான் சொல்றாரு. அதே வெளிச்சம், அதே ஏழு பல்பு, அதே ஒண்ணு எரியல! ஒரு வாரம் அகட்டி அகட்டி நடந்தாரு. பந்து விளையாடி அடிபட்டுச்சுன்னு என்கிட்ட பொய் சொல்லிட்டாரு, பாவம்."

பாலன் கார்த்திகேசைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"துணிக்கடை மாடியா அண்ணே?"

கார்த்திகேசு தலையாட்டினான்.

"ஒரு வருஷமா அன்னிக்கு எங்க போனீங்கன்னு கேட்டுச் சாகடிக்கிறா. நேத்துத்தான் ஒரு பதில் கெடச்சுது. ரொம்ப நன்றி அண்ணே."

அரை மணி நேரத்தில் கோயில் கமிட்டிச் செயலாளர் ஜெயராஜ், மனைவியோடு வந்து இறங்கினார். அவரையும் தூக்கியிருந்தார்கள். அவர் ஒரு படி மேலே போய், பச்சைக்காரர்களில் ஒருவருக்கு இருமல் இருந்தது என்றார். பாலன், "ஆமா ஆமா, இருமல்!" என்று எழுந்தே விட்டான்.

ஒருவன் சொன்னால் கதை. மூன்று பேர் சொன்னால் விசாரணை.

செய்தி கேட்டு, விசாரணை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து காரில் வந்தது. பழனியப்பன் செட்டியார், வேலையிலிருந்து ஓய்வு பெற்று, பறக்கும் தட்டுக்காக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவர். கையில் டேப் ரிக்கார்டர், கக்கத்தில் தடித்த நோட்டுப் புத்தகம். மூன்று பேரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுப் பதிவு செய்தார். வெளியே வந்து நோட்டை மேசைமேல் விரித்தார்.

"இருபது வருஷமா வெளிநாட்டுக் கேஸெல்லாம் சேர்க்கிறேன். எல்லாத்திலயும் வட்ட வெளிச்சம், சில்லுன்னு கட்டில், கண்ணு மட்டும் தெரியிற முகம், இடுப்புக்குக் கீழே ஏதோ சோதனை. அச்சு அசல் உங்களுக்கு நடந்ததுதான். ஆனா எரியாத பல்பு எந்த நாட்டிலயும் கிடையாது. அது கிள்ளான்ல மட்டுந்தான். அப்படீன்னா என்ன அர்த்தம்?"

பாலனும் ஜெயராஜும் கார்த்திகேசைப் பார்த்தார்கள்.

"மூணு பேரையும் தூக்குனது ஒரே கப்பல்! நாளைக்கே பேப்பர்ல வரணும். ஆனா அத்தாட்சி வேணும். இவங்க உடம்புல எங்கேயாவது சின்னதா ஒரு தையல் தழும்பு இருக்கும். என் மருமகன் டாக்டர். வெளியே கார்லதான் இருக்கார். கூப்பிடட்டுமா?"

மூன்று ஆண்களும் ஒரே நேரத்தில் கால்மேல் கால் போட்டார்கள். கார்த்திகேசு மட்டும் வலியில் முனகினான்.

"தழும்பெல்லாம் இல்ல அங்கிள்," என்றான் பாலன்.

"பாக்காமலே எப்படித் தெரியும்?"

"பாக்கட்டுமே லா," என்றாள் புஷ்பவல்லி. "பேப்பர்ல போட்டோ வரும்!"

"தழும்பையா?" என்று அலறினார் ஜெயராஜ்.

இராஜம்மா மகனின் தோளைத் தட்டினார். "டாக்டர்தானேடா, வெக்கப்படாத. போய்க் காட்டு."

செட்டியார் வாசலைப் பார்த்துக் கையசைத்தார். கார் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கார்த்திகேசு கண்ணை மூடிக்கொண்டான். ஆயுசுக்கும் பேச்சில்லாத ஒரு வீடு அவனுக்குத் தெரிந்தது.

"ஒரு விஷயந்தான் இடிக்குது," என்றார் செட்டியார், நோட்டைப் புரட்டியபடி. "ஆம்பளைங்களாவே தூக்கியிருக்காங்க. இந்தப் பக்கம் பொம்பளைங்க யாரும் அந்த விளக்கைப் பாக்கலையா?"

தேநீர்த் தட்டோடு வந்த சந்திரகலா அதை மேசையில் வைத்தாள். கணவனின் தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்து, அவன் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"அந்த ஏழாவது பல்ப இன்னுமா மாத்தல? நான் காஜாங் போறேன்னு போனப்பவே அது எரியல."