மேடையேறிய ஊறுகாய் ஜாடி

நான் மேடை ஏறி நடித்ததே கிடையாது. நான் கொடுத்த ஊறுகாய் ஜாடி ஒன்று ஏறியிருக்கிறது. கதாநாயகனுக்குக் கிடைக்காத கைதட்டல் அதற்குக் கிடைத்தது. விருத்தாசலத்தில் என் வயதுக்காரர்களைக் கேட்டால் அந்த நாடகத்தில் யார் யார் நடித்தார்கள் என்று சொல்லத் தெரியாது. ஜாடியைப் பற்றிக் கேளுங்கள், உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்துச் சொல்வார்கள். டீ ஆறுவதற்குள் என் பெயரும் வந்துவிடும். அதனால் நானே முந்திக்கொண்டு எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு நாடகப் பைத்தியம் நன்றாக முற்றியிருந்த காலம். ராஜா ராணி நாடகங்கள் பிடிக்காது. (ராஜா வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றிவிட்டுத் திரைக்குப் பக்கத்தில் பீடி பிடித்ததைச் சின்ன வயதில் பார்த்துவிட்டேன். அதோடு ராஜாக்கள் மேலிருந்த மரியாதை போய்விட்டது.) புதிதாக வரும் சமூக நாடகங்கள்தான் எனக்கு உயிர். சோபா, டெலிபோன், கோட்டு போட்ட வில்லன், அழுகை வரும் இடத்திலெல்லாம் ஆர்மோனியத்தோடு ஒரு பாட்டு. திட்டக்குடியில் புது நாடகம் என்றால் சைக்கிள், கடலூர் என்றால் பஸ். கருவேப்பிலங்குறிச்சித் திருவிழாவில் ஒரு நாடகத்தின் கதாநாயகி செத்துப்போனபோது முன்வரிசையில் உட்கார்ந்து நான் அழுத அழுகையில், செத்துக் கிடந்தவரே ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

பிழைப்பு, பீங்கான் சாமான் செய்யும் செராமிக் பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில். பேக்கிங் வேலை. கப், சாஸர், ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, எதுவானாலும் வைக்கோல் சுற்றிக் கட்டி, லாரி எப்படிக் குலுக்கினாலும் கீறல் விழாமல் அனுப்ப வேண்டும். நன்றாகவே செய்தேன். என் கையும் புத்தியும் அப்படியே பழகிவிட்டன. எல்லா வினையும் அதிலிருந்துதான் வந்தது.

அந்த வருஷம் மெட்ராஸிலிருந்து ஒரு நாடகக் கம்பெனி எங்கள் ஊரில் கொட்டகை போட்டது. அத்தனை பெரிய கம்பெனி அதுவரை எங்கள் ஊர்ப் பக்கம் தலை வைத்துப் படுத்ததில்லை. அதன் தலைவர் சதானந்தம் ஐயா. ஐம்பதைத் தாண்டியவர், நாடகத்தில் காலேஜ் மாணவன். அவர்கள் வந்து இறங்கியதிலிருந்து நான் கொட்டகையைவிட்டு நகரவில்லை. படுதா தூக்கினேன், பெஞ்சு போட்டேன், ஐயாவுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தேன். (என் அப்பாவுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு கொடுத்தவன் இல்லை நான்.)

நாடகத்தின் கதை இதுதான். பொல்லாத மாமியார் ஒருத்தி, வீட்டு அட்டிகையை ஊறுகாய் ஜாடிக்குள் ஒளித்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று பழி போடுகிறாள். கடைசிக் காட்சியில் காலேஜ் படிக்கும் மகன் (நம் ஐயாதான்) ஆத்திரம் தாங்காமல் ஜாடியைத் தூக்கிப் போட்டு உடைக்கிறான். அட்டிகை வெளியே விழுகிறது. மருமகள் பாடுகிறாள், கூட்டம் அழுகிறது, திரை.

உடைப்பதற்கென்று ஊருக்கு ஊர் மண் கலயத்தில் வெள்ளைச் சாயம் பூசி வைத்திருப்பார்களாம். இந்த ஊருக்கென்று கொண்டுவந்த கலயம், வேப்பூரில் சாப்பிட வேனை நிறுத்தியபோது யாரோ அதன்மேல் ஆர்மோனியப் பெட்டியை இறக்கி வைத்ததில் நொறுங்கிவிட்டது. ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஜாடிக்குப் பேர்போன ஊரு உங்க ஊரு. சாயந்தரத்துக்குள்ள ஒரு ஜாடி கொண்டாந்துடுவியா?"

"என்னங்கையா இப்படிக் கேக்குறீங்க? ஜாடிதாங்க எங்க ஊரே!"

"கச்சிதமா முடிச்சுக் குடு. அடுத்த ஆட்டம் திட்டக்குடியில. அதுல தந்திக்காரன் வேஷம் ஒனக்கு. நல்லா வந்தா மெட்ராஸுக்கே கூட்டிட்டுப் போயிடறேன்."

தந்திக்காரனுக்கு ஒரே ஒரு வசனம்: "சார், தந்தி!" கம்பெனிக்குப் போகும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். சோகமாக, பதற்றமாக, குரல் தழுதழுக்க. எதிரே வந்த ஒருவர் நிஜமாகவே நின்று, "எங்க வூட்டுக்கா?" என்று கேட்டார்.

சூளையில் வேலை பார்த்த கலியபெருமாள் என் சிநேகிதன். விஷயத்தைச் சொன்னேன்.

"அவ்ளோதான? பின்னாடி செகண்ட்ஸ் மலையாட்டம் கெடக்குது. ஒண்ண தூக்கிட்டுப் போ, மாப்ள."

செகண்ட்ஸ் என்றால் சூளையிலேயே கீறல் விட்டோ கோணிக்கொண்டோ வந்த கழிவுச் சரக்கு. தட்டினாலே உடையும். கடவுளே பார்த்து எனக்காகக் குவித்து வைத்தது போல அது அங்கே கிடந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஏண்டா, மெட்ராஸ் கம்பெனிடா! ஊரே பாக்கப் போவுது. மேடையில போயி கோணல் ஜாடிய வைக்கச் சொல்றியா?"

கலியபெருமாள் யோசித்தான். அவனுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"ஆமாண்டா. செராமிக் ஊர்ல இதான் ஜாடியான்னு கேட்டுட்டா நம்ம மானம் என்னாவறது?"

ரக வாரியாகப் பார்த்தோம். வெயிலில் பிடித்துப் பார்த்தோம், விரலால் சுண்டிப் பார்த்தோம். கடைசியில் அவன் ஒன்றைத் தூக்கி வந்தான். இரண்டு கைக்கு அடங்காத ஜாடி, விரல் கனத்துக்குச் சுவர், முகம் பார்க்கலாம் போல மினுமினுப்பு. "கோயில் மணியாட்டம் கேக்குது பாரு" என்று சுண்டிக் காட்டினான். எனக்குக் கண் கலங்கியது. அதை உடைப்பதற்காகத்தான் கேட்டிருக்கிறார்கள் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே மறந்துபோயிருந்தது. நல்ல சரக்கு வெளியே போகிறது என்பதுதான் ஞாபகம்.

கொட்டகையில் அட்டிகையைக் கொடுத்து உள்ளே போடச் சொன்னார்கள். போட்டேன். ஆட்டினால் சத்தம் வந்தது. சத்தம் வந்தால் என் கைக்குப் பொறுக்காது. நாலு பிடி வைக்கோல் திணித்தேன். வாயில் வெள்ளைத் துணி போட்டு இறுக்கி, பேக்கிங் முடிச்சு இரண்டு போட்டேன்.

மாலை ஆட்டத்துக்குப் பேட்டையே திரண்டு வந்திருந்தது. எங்கள் முதலாளி நாற்காலியில், கலியபெருமாளும் சூளைக்காரர்களும் தரையில், பெண்கள் பக்கத்தில் கலியபெருமாளின் தங்கை செல்வி. (பிற்பாடு இந்தச் செல்வியைத்தான் கட்டிக்கொண்டேன். அதற்கு இந்த ஜாடியே காரணம் என்று இன்றுவரை அவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.) நான் மேடை ஓரத்தில், அடுத்த ஊர்த் தந்திக்காரன் என்ற மிதப்பில் நின்றிருந்தேன்.

கடைசிக் காட்சி. "உண்மை வெளிவரட்டும்!" என்று கர்ஜித்து ஐயா ஜாடியைத் தூக்கினார். தூக்கும்போதே முகம் மாறியது. கலயம் தூக்கிப் பழகிய கை. இருந்தாலும் சமாளித்துத் தலைக்கு மேல் கொண்டுபோய் ஓங்கிப் போட்டார்.

'தொம்' என்று ஒரு சத்தம். ஜாடி ஜமக்காளத்தில் ஒரு சுற்று உருண்டு, சோபாக் காலில் முட்டி நின்றது.

ஐயா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். மறுபடியும், "உண்மை வெளிவரட்டும்!" மறுபடியும் 'தொம்'. இந்தத் தடவை மேடைப் பலகை ஒன்று விரிசல் விட்டது.

"எங்க சூளைடா!" என்று கலியபெருமாள் எழுந்து கத்தினான். அவ்வளவுதான். தரை டிக்கெட் முழுக்க விசில். மூன்றாவது வீச்சில் ஜாடி மேடையை விட்டே உருண்டு கூட்டத்துக்குள் விழுந்தது. அவர்கள் சும்மா திருப்பிக் கொடுப்பார்களா? கைக்குக் கை மாற்றி, திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆளுக்கொரு சுண்டு சுண்டிப் பார்த்தார்கள். "கீறலே இல்லீங்க!" என்று ஒருவர் முதலாளிக்குச் சத்தமாகச் சொன்னார். முதலாளி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகுதான் ஜாடி மேடைக்குத் திரும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து செல்வி, "பாவம், இன்னொரு வாட்டி போட்டுப் பாருங்க ஐயா!" என்று இரக்கப்பட்டாள்.

ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. அப்போது மாமியார் வேஷக்கார அம்மா பொறுமை இழந்துவிட்டார். அட்டிகையை ஒளித்து வைத்த பாவி, அதே வாயால் சொன்னார்:

"அட ஏண்டா இப்படி மாரடிக்கிற? அந்த முடிச்ச அவுத்து உள்ளதான் கைய விட்டுப் பாரேண்டா!"

கொட்டகை அதிர்ந்தது. "மாமியாரே காட்டிக் குடுத்துட்டாடோய்!" என்று ஒரு குரல். ஐயா முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். என் முடிச்சு அது. பம்பாய் வரை போனாலும் அவிழாது. பல்லால் கடித்து இழுத்தார். துணி வந்தது, கூடவே அவருடைய ஒட்டு மீசையும் வந்தது. பிறகு வைக்கோல் வந்தது. பிடி பிடியாக வைக்கோல். அட்டிகை எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. ஆர்மோனியக்காரர், போதுமடா சாமி என்று பாட்டை எடுத்துவிட்டார். மருமகள் வேறு வழியில்லாமல் "சிதறிப் போனதே சில்லுச் சில்லாய்" என்று ஜாடியைப் பார்த்து உருகிப் பாடினாள். ஜாடி பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

திரை விழுந்ததும் நான் ஓடியிருக்க வேண்டும். தந்திக்காரன் ஆசை விடவில்லை, உள்ளே போனேன். ஐயா மீசையில்லாமல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீ நாடகம் எவ்வளவு பாத்திருப்ப?"

"நெறைய பாத்திருக்கேங்கையா."

"இனிமேலும் பாத்துக்கிட்டே இரு."

அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன். இந்தத் தடவை நிஜ அழுகை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். வேலை போய்விட்டது என்றே நினைத்துப் போனேன். அவர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "ஊருக்கு ஊரு போ. பாத்திரக்கடையில நம்ம ஜாடிய தரையில போட்டுக் காட்டு. ஆர்டர் வாங்கிட்டு வா. மொதல்ல திட்டக்குடி" என்றார். ஆக, திட்டக்குடியில் எனக்கு ஆட்டம் கிடைத்தே விட்டது. அந்தப் பழைய ஜாடியை எடுத்துப் போகச் சொன்னார். பஸ்ஸில் அதற்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, அதை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு, அதே மாதிரி வேறொன்றை எடுத்துப் போனேன்.

கடையின் சிமெண்டு வாசலில் நல்ல கூட்டம். எத்தனை வருஷக் கனவு! கையை உயர்த்தி, குரலை ஏற்றி, "உண்மை வெளிவரட்டும்!" என்று ஓங்கிப் போட்டேன்.

சுக்கல் சுக்கலாகப் போனது. ஐயா பார்த்திருந்தால் ஆனந்தக் கண்ணீர் விட்டிருப்பார். கடைக்காரர் உள்ளே போய் ஒரு துடைப்பம் எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் மறுபடியும் பேக்கிங்குக்கே வந்து சேர்ந்தேன்.

பழைய ஜாடி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. செல்வி அதில் நார்த்தங்காய் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறாள். எனக்குக் கோபம் வந்து நான் குரலை உயர்த்தும் நாளில் அவள் உள்ளே போய் ஜாடியைத் தூக்கி வந்து என் எதிரில் வைப்பாள்.

"மொதல்ல இத ஒடச்சிட்டு, அப்புறமா பேசுங்க."

பேரப்பிள்ளைகள் உடனே, "தாத்தா, உண்மை வெளிவரட்டும்!" என்று கூடிவிடுவார்கள். நான் முடிச்சை அவிழ்த்து, ஒரு துண்டு ஊறுகாயை எடுத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவேன்.