ஒன்றும் செய்யக்கூடாத ஊரில் தாழ்ப்பாள் அக்கா

முன்பின் தெரியாத வீட்டுக் கழிப்பறைக்குள் போய், கதவைச் சாத்தி, உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, "இது கழிப்பறையே இல்லை" என்று தீர்ப்புச் சொல்லக்கூடிய ஆள் கடலூர் மாவட்டத்திலேயே ஒருவர்தான். தமிழ்நாட்டிலேயே ஒருவர்தான் என்று எழுதியிருப்பேன். சென்னையில் யாராவது கோபித்துக்கொள்வார்கள். அவரை நாங்கள் தாழ்ப்பாள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அதை வாத்தியார்களே மறந்துவிட்டார்கள்.

சில வருடங்களுக்கு முன், சிதம்பரத்தில், பொது சுகாதாரம், சமூக மேம்பாடு என்ற இரண்டு முதுகலைப் பட்டங்களையும் சேர்த்துப் படிக்கும் வகுப்பு ஒன்றில் நான் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் ஏன் வந்தீர்கள் என்று கேட்டார்கள். சமுதாயத்துக்குச் சேவை செய்ய வந்ததாக நாங்கள் பதினான்கு பேரும் வரிசையாகப் பொய் சொன்னோம். பதினைந்தாவதாக, நாற்பதை நெருங்கிய ஒரு பெண்மணி எழுந்தார். கடலூர் செம்மண்டலத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"கடலூர்ல ஹார்டுவேர் கடையில பன்னெண்டு வருஷம் பில்லு போட்டேன் சார். பாத்ரூம் கதவுக்குன்னு வர்றவங்க வெளிய பூட்டு போட கொண்டி வாங்குவாங்க. உள்ள போட தாப்பா வாங்க மாட்டாங்க. ஏன்னு கேட்டா ஓனரு திட்டுவாரு. கேக்குறதுக்குன்னே ஒரு படிப்பு இருக்குதுன்னாங்க. வந்துட்டேன்."

சாயங்காலத்துக்குள் பெயர் நிலைத்துவிட்டது.

காலையில் பொது சுகாதார சார் வருவார். எதைக் கண்டாலும் எண்ணு என்பார். மதியம் சமூக மேம்பாட்டு மேடம் வருவார். எண்ணாதே, உட்கார்ந்து பேசு என்பார். நாங்கள் இருவருக்கும் நல்ல பிள்ளைகளாக ஆளுக்கு இரண்டு நோட்டு வைத்திருந்தோம். அக்காவிடம் ஒரே நோட்டு.

"ஒரு பொம்பள பாத்ரூம் போவ பயந்துகினு நாள் பூரா தண்ணி குடிக்காம கெடக்குறா. நீர்க்கடுப்பு வந்து படுத்துக்கிறா. இத நீ எந்த நோட்டுலடா எழுதுவ?" என்று என்னைக் கேட்டார்.

தேர்விலும் அவர் அப்படித்தான். சாரின் தாளில் மாமியாரைப் பற்றி எழுதினார், மேடத்தின் தாளில் கிருமியைப் பற்றி எழுதினார். இருவரும் கலந்து பேசாமலே பாதிப் பாதி மார்க் போட்டார்கள்.

சாரையே ஒரு நாள் மடக்கிவிட்டார். கழிப்பறை வசதி என்றால் என்ன என்று சார் பலகையில் இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார். அக்கா எழுந்தார்.

"சார், உங்க ரூம் பாத்ரூம்ல தாப்பா ஒடஞ்சிருக்கு. கால நீட்டி கதவுக்கு முட்டுக் குடுத்துகினுதான உக்கார்றீங்க? அது வசதியா, இல்லியா?"

பக்கத்திலிருந்தவன், "மச்சான், அக்காவுக்கு இன்னிக்கு டிசி" என்று என் காதில் சொன்னான். சார் சாக்பீஸை மேசையில் வைத்தார். "இல்ல," என்றார். மறுநாள் அவர் அறைக் கழிப்பறையில் புதுத் தாழ்ப்பாள் மின்னியது.

இப்படிப்பட்டவரோடுதான் களப்பணிக்கு என்னை ஜோடி சேர்த்தார்கள். கடலோரத்தில் இரண்டு குப்பங்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். இரண்டிலும் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்டிக் கொடுத்திருந்தார்கள், ஆனால் பெண்கள் யாரும் அதற்குள் போவதில்லை. முதல் குப்பத்தில் நாங்கள் படம் காட்டிப் பாடம் நடத்த வேண்டும். இரண்டாவது குப்பத்தில் ஒன்றும் செய்யக்கூடாது, கணக்கு மட்டும் எடுக்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இரண்டையும் ஒப்பிட்டால், பாடம் பலித்ததா என்று தெரியும். அதை வைத்து ஆளுக்கொரு ஆய்வேடு எழுதினால் பட்டம். எனக்குப் புதுச்சேரியில் ஒரு வேலை தயாராக இருந்தது. பட்டத்தோடு வந்தால் சேரலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். வேலைக்கு ஆர்டர் வந்ததாகவே அப்பா சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்லி முடித்திருந்தார்.

சார் புறப்படும்போது அக்காவைத் தனியாக நிறுத்தி, "ரெண்டாவது ஊர்ல கைய வச்சிக்கிட்டு சும்மா இருக்கணும். சும்மான்னா சும்மா," என்றார். அக்கா தலையாட்டினார். எங்கள் படிவத்தில், 'கழிப்பறை உண்டா? ஆம், இல்லை' என்று ஒரு கேள்வி. நான் வாசலில் நின்றபடியே 'ஆம்' போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்வேன். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

"யாருப்பா இது, ஊருக்குள்ள வந்ததும் வராததுமா பாத்ரூமுக்குள்ள பூந்துக்குது?" என்று ஒரு மீனவப் பெண் என்னைக் கேட்டார்.

நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே கடல் காற்று அடித்தது. கதவு தானாகத் திறந்தது. உள்ளே அக்கா, சேலையோடு, சப்பணமிடாத குறையாக உட்கார்ந்திருந்தார். எதிரே டீக்கடை. டீக்கடையில் ஆறு ஆண்கள். எல்லோரும் கிளாஸைப் பிடித்தபடி அப்படியே இருந்தார்கள்.

"இதான் தம்பி," என்றார் அந்தப் பெண். "கட்டுனவங்க வெளிய கொண்டி வச்சாங்க, உள்ள ஒண்ணுமே வைக்கல. நாங்க விடியறதுக்கு முன்னால சவுக்குத் தோப்புக்குப் போய்ட்டு வந்துருவோம். அதுக்கப்புறம் பொழுது சாயற வரைக்கும் தண்ணி ஜாஸ்தி குடிக்கிறதில்ல."

கழிப்பறையை யாரும் திருடிப் போகாமல் பூட்டி வைக்க வசதி இருந்தது. உள்ளே இருப்பவருக்குத்தான் ஒன்றும் இல்லை. அக்கா வெளியே வந்தார், பையைத் திறந்தார். பை நிறைய டவர் போல்ட் தாழ்ப்பாள்கள், ஒரு டப்பா ஸ்க்ரூ, ஒரு திருப்புளி. நாங்கள் நின்றுகொண்டிருந்தது இரண்டாவது குப்பம், அதாவது ஒன்றும் செய்யக்கூடாத ஊர்.

"அக்கா, வேணாம்க்கா," என்றேன். சொன்னேன் என்பது சத்தியம். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த ஊரில் தாழ்ப்பாள் இல்லாத கதவு ஒன்றுகூட இல்லை.

மூன்று மாதம் முதல் குப்பத்தில் படம் காட்டினோம், பாட்டுப் பாடினோம். அங்கே பெண்கள் பாடத்தை ரசித்துக் கேட்டுவிட்டு, வழக்கம்போலச் சவுக்குத் தோப்புக்குப் போனார்கள். ஒன்றுமே செய்யாத இரண்டாவது குப்பத்தில் எல்லா வீட்டிலும் பெண்கள் கழிப்பறைக்குப் போனார்கள், தண்ணீர் குடித்தார்கள். உலக சுகாதார வரலாற்றில் சும்மா இருந்து இவ்வளவு முன்னேறிய ஊர் வேறு கிடையாது.

நான் பயந்துபோனேன். "முதல் ஊர்ல சொன்ன பாடம் காத்துவாக்குல இங்க பரவிருச்சுன்னு எழுதிரலாம்க்கா" என்று கெஞ்சினேன்.

"பொய்யா எழுதச் சொல்ற? அப்புறம் எல்லா ஊருக்கும் பாட்டுப் பாடத்தான்டா ஆள் அனுப்புவாங்க. தாப்பாள யாரு அனுப்புவா?"

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு நாளில் சாரும் மேடமும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். சார் எண்களைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். தாழ்ப்பாள் போட்டதை அக்கா தானாகவே எழுந்து சொல்லிவிட்டார். மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சார் மட்டும் விடவில்லை.

"தனியாவா போட்டீங்க?"

"தனியாத்தான் சார். இந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. அவன் பாட்டுக்கு அந்தாண்ட எழுதிகினு இருந்தான்."

இந்த இடத்தில் வாசகர்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒருவர் கதவைச் சட்டத்தோடு நேராகப் பிடித்துக்கொள்ளாமல் இன்னொருவர் ஸ்க்ரூ முடுக்க முடியாது, அதுவும் கடல் காற்றில். "வேணாம்க்கா, வேணாம்க்கா" என்று சொல்லிக்கொண்டே, ஒவ்வொரு வீட்டிலும், கதவைப் பிடித்தது நான்தான்.

சார் என் பக்கம் திரும்பினார். நான் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நடந்ததை நடந்தபடி திருத்தி எழுதிக் கொடு என்று சொல்லி எனக்குப் பட்டம் தந்துவிட்டார்கள். அக்காவிடம், "நீங்க செஞ்சது நல்ல காரியம்மா. ஆனா ஆராய்ச்சி இல்ல," என்று சார் சொன்னார். வேறு ஊர், முதலிலிருந்து, மறுபடி ஆறு மாதம். எதையும் தொடாமல் கணக்கு மட்டும் எடுக்க வேண்டும். வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பசிக்குதுடா. மொதல்ல சாப்புடலாம் வா," என்றார்.

புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வாரத்துக்கு ஒரு நாள்தான் விடுமுறை. அந்த ஆறு மாதமும், அந்த ஒரு நாளில் விடிந்ததும் பஸ் ஏறி அக்காவின் புது ஊருக்குப் போய்விடுவேன். அவர் தாழ்ப்பாள் இல்லாத கதவுகளைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கணக்கு எழுதுவார். நான் படிவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடப்பேன்.

"வேல வெட்டி இல்லியாடா ஒனக்கு? போய்த் தூங்குடா," என்று ஒவ்வொரு வாரமும் திட்டுவார்.

தவறாமல் திட்டினார், தவறாமல் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் முதல் வாரம் போனது. அதைக் கேட்கத் தைரியம் வரவே இல்லை. இரண்டாவது வாரத்திலிருந்து, அக்காகூட இருக்க வேண்டும் போலிருந்தது, அதனால் போனேன்.