கல்லு மாமியின் வெள்ளை வரிசை

கல்லு மாமி சந்தேகப்படாத ஆள் எங்கள் ஒழுங்கையில் ஒருவர்கூட இல்லை. அப்போது தவழவே தெரியாத என் மகளும் அதில் சேர்த்தி. "இந்தப் புள்ள என்னயப் பாத்துச் சிரிக்கிற சிரிப்பு சரியில்ல. ஏதோ தெரிஞ்சி வச்சிக்கிட்டுத்தான் சிரிக்கிது" என்று ஒரு நாள் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

கண்டி நகரத்துக்கு வெளியே ஒரு மலைச்சரிவில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த காலம் அது. அங்கே ஒடுங்கிய ஓர் ஒழுங்கையின் ஓரமாக வீடுகள் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். ஒருவருடைய முற்றம் இன்னொருவருடைய கூரை உயரம். எங்களுக்கு மேல்வீடு மாமியுடையது. அவர் முற்றத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் செங்குத்தாக வெட்டிவிட்ட ஒரு மண்மேடு. அந்த மேட்டை ஒட்டினாற்போல் எங்கள் பின்னறை. அந்த அறையில்தான் மகளின் தொட்டில். முன்னறையில் தெருப்புழுதி அதிகம், பிள்ளைக்கு இருமல் வரும் என்று நான்தான் அப்படி வைத்தேன். வைத்த நாள் முதல் அது சரியா பிழையா என்று தினமும் யோசித்தேன். தொட்டிலை இந்தச் சுவரோரம் இழுப்பேன். பிறகு அந்தச் சுவரோரம் இழுப்பேன். அறையோ இழுக்க இடமில்லாத அளவு சின்னது.

மாமி கம்பளையில் துணிக்கடை வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். கணவர் மௌத்தான பிறகு அந்த மேல்வீட்டில் தனியாக இருந்தார். விடிந்ததும் ஓர் அலுமினியச் சட்டியோடு முற்றத்துக்கு வருவார். குனிந்து குனிந்து கல் பொறுக்குவார். கோழிமுட்டையளவு, தேங்காயளவு, சிலது குழந்தையின் தலையளவு. வெளியே துருப்பிடித்த மாதிரி ஒரு தோல், உடைத்தால் உள்ளே கன்னங்கரேல். சட்டி நிறைந்ததும் நிமிர்ந்து, ஒழுங்கைக்கே கேட்கும்படி விசாரணையை ஆரம்பிப்பார்.

"நேத்து முழுக்கப் பொறுக்கிட்டேன். ஒரு கல்லு இல்ல. இன்னைக்கு இவ்வளவு ஈக்கி. ஆரு எறிஞ்ச? மரியாதையாச் செல்லுங்க!"

ஒருவரும் சொல்லமாட்டார்கள். சொல்லாததே அவருக்குச் சாட்சி.

அதே கற்கள் எங்கள் பக்கத்து வடிகானிலும் விழுந்து கிடந்தன. மாமி பொறுக்கியதைக் கீழே தள்ளிவிடுகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளை இருக்கிற வீடாயிற்றே என்று ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அண்ணாந்து பேசினேன்.

"மாமி, மேல இருந்து கல்லு விழுதுங்க. கைப்புள்ள இருக்கிற வீடு."

"விழுதா? நீ மேல எறிஞ்சதுதான் திரும்பி வருது."

"இடுப்புல புள்ளய வச்சுக்கிட்டு நான் எப்படி மாமி மேல எறியிறது?"

மாமி யோசித்தார். "அப்ப உன் மாப்புள."

"அவரு காலையில குட்ஷெட் பஸ்ஸுக்குப் போனா இருட்டினதுக்கு அப்புறம்தானே வாறாரு."

"அதத்தான் நானும் செல்றேன். இருட்டுல ஆரு பாக்கிற?"

 அன்று கணவர் வந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று, "நீங்க மேல கல்லு கில்லு எறியலதானே?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.

அந்த மண்ணைப் பற்றி நான் இங்கே சொல்லியாக வேண்டும். மாமியின் சந்தேகப் பட்டியலில் அது ஒன்றுதான் இல்லாதது. வெயில் காலத்தில் அது மண்ணே இல்லை, செங்கல். உடுப்புக் காயப்போடும் கொடிக்குக் கம்பு நடக் கணவர் இரும்பு அலவாங்கால் குத்தினார். தீப்பொறி பறந்தது, குழி விழவில்லை. இன்னும் கொஞ்ச நாள் காய்ந்ததும் தானாகவே வாய்வாயாக வெடித்தது. அப்படியொரு வெடிப்புக்குள் மகளின் கிலுகிலுப்பை விழுந்து, கை விட்டுத் துழாவியும் அகப்படாமல் போய்விட்டது. மழை வந்தாலோ அதே மண் களியாகி ஊதும். வெடிப்பெல்லாம் மூடிக்கொள்ளும். செருப்போடு கால் வைத்தால் அடியில் களி ஒட்டி முதலில் நாம் ஓர் அங்குலம் உயர்வோம், பிறகு செருப்பு அங்கே நிற்க நாம் மட்டும் நடப்போம்.

பள்ளியில் நான் புவியியல் படித்தவள். கறுப்புப் பாறை உளுத்து உளுத்துக் களிமண்ணாகும், உளுக்காத துண்டுகள் கல்லாக உள்ளேயே கிடக்கும், அடியில் முழுப்பாறை அப்படியே இருக்கும் என்று படித்த ஞாபகம். ஆனால் அந்தப் பாடம் எரிமலைப் பாறையைப் பற்றியது. கண்டியில் ஏது எரிமலை? அதனால் மாமியிடம் இதை எடுத்துச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து யோசித்துச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.

சொன்னவர் கிராம சேவகர். மாமி கொடுத்த முறைப்பாட்டை விசாரிக்க ஒரு மழை நாளில் வந்தார். பாவம், புதுச் சப்பாத்து போட்டிருந்தார். மாமியின் முற்றத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, கல்லு யாரும் போட இல்லை. இந்த மண் காயும்போது சுருங்குது, நனையும்போது ஊதுது. அப்படி ஊதி ஊதி உள்ளே இருக்கிற கல்லை மேலே தள்ளுது. மழை மண்ணைக் கழுவிட்டுப் போனா கல் மட்டும் மிஞ்சுது" என்று பொறுமையாக விளக்கினார். விளக்கி முடித்துத் திரும்பியபோது ஒரு சப்பாத்து களிக்குள் தங்கிவிட்டது. அதைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, எங்கள் வீட்டில் கால் கழுவ வந்தார். நான் ஒரு தேத்தண்ணி கொடுத்தேன். அதுதான் வினை.

"குடுத்தியா இல்லியா?" மாமி மேட்டு விளிம்பில் நின்று கேட்டார்.

"என்னத்த மாமி?"

"தேத்தண்ணி! தேத்தண்ணியக் குடிச்சிட்டு, கல்லு தானா முளைக்கிதுண்டு எழுதிட்டுப் போறாரு. கல்லு என்ன, கீரையா?"

"அவரு தேத்தண்ணி குடிக்க முந்தித்தானே மாமி அதச் சொன்னாரு?"

"குடிக்கப் போறோம்டு தெரிஞ்சிதானே சொன்ன!"

அரசாங்கம் கைவிட்டதும் மாமி தாமே துப்பறிய இறங்கினார். பொறுக்கிய கற்களில் பெரியவற்றைத் தேர்ந்து சுண்ணாம்பு அடித்தார். தம் முற்றத்தின் விளிம்பில், சரியாக எங்கள் பின்னறைக்கு மேலே, நூல் பிடித்து நேர்கோடாக அடுக்கினார். அதுதான் எல்லையாம். இனி யார் கல் எறிந்தாலும், யார் ஏறி வந்தாலும், வெள்ளைக் கல் காட்டிக்கொடுக்குமாம். காலையும் மாலையும் ஒற்றைக் கண்ணை மூடி அந்த வரிசையைப் பார்ப்பார். தொட்டிலாட்டும்போது யன்னல் வழியே நிமிர்ந்தால் மேலே அந்த மூடிய கண் தெரியும். இவர் பார்ப்பது கல்லையா என் பிள்ளையையா என்று தெரியாமல் தொட்டிலை மறுபடியும் மற்றச் சுவரோரம் இழுப்பேன்.

பிறகு அடைமழை பிடித்தது. ஹுன்னஸ்கிரிய மலைப்பக்கமெல்லாம் முகிலுக்குள் மறைந்துவிட்டது. பின்னறைக் கதவு சாத்த மறுத்தது. "ஈரத்துக்குப் பலகை ஊதியிருக்கு. சும்மா பயப்படாத" என்றார் கணவர். நான் சும்மாவே பயப்படுகிறவள் என்பதால், அது சும்மா பயமா உண்மைப் பயமா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவர் வேலைக்குப் போய்விட்டார்.

மழை சற்று விட்ட ஒரு முற்பகல். மேலேயிருந்து கூச்சல்.

"அடியே புள்ள! வெளிய வா! என் காணியப் புடிக்கிறியா நீ?"

மகளைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையைச் சுற்றி மேலே போனேன். வெள்ளை வரிசை நேர்கோடாக இல்லை. நடுப்பகுதி வயிறு வைத்த மாதிரி எங்கள் பக்கம் தள்ளி நின்றது.

"பாத்தியா? நடுவுல மட்டும் இழுத்து ஈக்கிற. கொஞ்சம் கொஞ்சமா இழுத்தா மாமிக்குத் தெரியாதுண்டு நெனச்ச!"

"என்னோட பக்கம் இழுத்தா எனக்கு என்ன மாமி லாபம்? காணி கூடப் போறது உங்களுக்குத்தானே?"

 நியாயம் மாமிக்குப் பிடிபட்டது. ஆனால் சந்தேகத்தை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. "அப்ப ஏதோ பெரிய திட்டம் ஈக்கிது" என்றார்.

நான் அதைக் கேட்கவில்லை. கற்களைச் சுற்றியிருந்த களியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மண்ணில் ஒரு காகம் நடந்தாலும் அச்சு விழும். அங்கே ஒரு காலடியும் இல்லை.

"மாமி," என்றேன். "இங்க யாரும் வரலயே. கால் தடமே இல்லயே."

மாமி குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். மறு கண்ணையும் மூடித் திறந்தார். பிறகு வரிசைக்குப் பின்னால் புல்லை விலக்கினார். அவர் முற்றத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை ஒரு வெடிப்பு. மழைக்காலத்தில் மூடியிருக்க வேண்டிய மண், வாய் பிளந்திருந்தது. உள்ளே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அடியில் பாறை, அதன் மேல் தண்ணீர், தண்ணீர் மேல் களி.

"அல்லாஹ்வே," என்றார் மாமி. "கள்ளன் மண்ணுதான்."

ஒரு முழு ஒழுங்கையின் மேல் பரப்பி வைத்திருந்த சந்தேகத்தையெல்லாம் திரட்டி அந்த மண் மேல் போட அவருக்கு ஒரு நிமிடம்கூடப் போகவில்லை. நான் இன்னும், கணவரைக் கேட்கலாமா, கிராம சேவகருக்குச் சொல்லலாமா, பிழையாக இருந்தால் ஊரே சிரிக்குமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்கு ஒரு போன் கோல் எடுத்துக் கேட்டுட்டு..." என்று இழுத்தேன்.

"கோல் எடுத்தா மண்ணு நிக்கிமா? புள்ளட உடுப்ப எடு. வேற ஒண்டும் எடுக்காத!"

எங்கள் வீட்டுக்குள் அதுவரை காலே வைக்காதவர், எனக்கு முன்னால் பின்னறைக்குள் நுழைந்து தொட்டிலைக் கழற்றி ஒழுங்கைக்குக் கொண்டுவந்தார். பிறகு எங்கள் அலவாங்கை எடுத்து, அக்கம்பக்கத்து வீடுகளின் கதவையெல்லாம் தட்டினார். "வெளிய வாங்க! மண்ணு நகருது! நான் செல்றத நம்பாட்டி உங்க எல்லாருக்கும் பொலிஸ்ல ஒவ்வொரு கேஸ் போடுவேன்!" மண்ணுக்குப் பயந்தார்களோ கேஸுக்குப் பயந்தார்களோ, எல்லோரும் வந்தார்கள். பெருந்தெருவைக் கடந்து எதிர்ப்பக்கப் பாடசாலை மண்டபத்துக்குப் போனோம். போகும் வழியெல்லாம், இது வீண் கலவரமாகிவிட்டால் கணவர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற கவலைதான் எனக்கு.

பிற்பகலில் அந்தச் சத்தம் கேட்டது. இடி மாதிரி இல்லை. லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி, நீளமாக. ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் என்னிடம் வந்து சொன்னார்கள். மாமியின் முற்றம் முழுவதும் எங்கள் பின்னறைக்குள் இருந்தது.

நான் மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றேன். அவள் கையை உருவி, மாமியைப் பார்த்துச் சிரித்தாள்.

எத்தனை நாள் அந்த மண்டபத்தில் இருந்தோம் என்று ஞாபகமில்லை. மாமி ஒரு கதிரையைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அலவாங்கை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாண் கொண்டுவந்தவரை "எந்தக் கடைப் பாண்? ஏன் சூடில்ல?" என்று விசாரித்தார். பால்மா கொண்டுவந்தவரிடம் டின்னின் திகதியை வாசித்துக் காட்டச் சொன்னார். பிள்ளையைக் கொஞ்ச வந்த ஒரு பெரிய அதிகாரியைக் கை கழுவிவிட்டு வரச் சொன்னார். அவரும் போய்க் கழுவிவிட்டு வந்தார்.

என் கண் சொருகுவதைப் பார்த்துவிட்டு, "நீ படு புள்ள" என்றார். "இங்க ஒருத்தரயும் நம்பேலாது. நான் பாத்துக்கிறேன்."

மகள் பிறந்ததிலிருந்து ஒரு காதைத் தொட்டில் பக்கம் வைத்தே தூங்கிப் பழகியவள் நான். அன்று பட்டப்பகலில், அத்தனை இரைச்சலுக்கு நடுவில், சிமெந்துத் தரையில், அந்தக் கதிரைக் காலில் தலையைச் சாய்த்து அடித்துப்போட்டாற்போல் தூங்கினேன்.