ஒருநாள் வேலை, பன்னிரண்டு விளக்கு

சாமந்தித் தொட்டிகளுக்குப் பின்னால் குனிந்ததுதான் லெஷெக் செய்த முதல் தப்பு. ஆறடி மூன்றங்குல ஆள் முழங்கால் உயரச் செடிக்குப் பின்னால் ஒளிந்தால் வழியில் போகிற நாய்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போகும்.

கூட்டத்துக்குள் ஆல்டோனா மேடம் வந்துகொண்டிருந்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் மூன்றாம் ஜன்னல். கூரை ஓடு செய்யும் தொழிற்சாலை மூடியதிலிருந்து நாலு மாதமாக லெஷெக் அந்த ஜன்னல் முன்னால் போய் நின்று, வேறு எங்கும் வேலை செய்யவில்லை என்று கையெழுத்துப் போட்டு உதவித்தொகை வாங்கிவந்தான். இன்றைக்கு அவன் நிற்பது கல்லறைத் தோட்டத்து வாசலில், ஸ்டெஃபாவின் கடையில், விளக்கும் பூவும் விற்றுக்கொண்டு.

சட்டம் கறாரானது. ஒருநாள் வேலையானாலும் ஏழு நாளைக்குள் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் பட்டியலில் பெயரை அடித்துவிட்டு முதலிலிருந்து பதியச் சொல்வார்கள். சொல்லாமல் மாட்டினால் வாங்கியதைத் திருப்பிக் கட்டு என்பார்கள். பெயர் போனால் மருத்துவக் காப்பீடும் கூடவே போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவி இரேனாவின் முழங்கால் அறுவைக்கு டிசம்பரில் தேதி கிடைத்திருந்தது, மூன்று வருடம் காத்திருந்து.

ஆனால் நிலக்கரிக் கொட்டகையில் தரை தெரிய ஆரம்பித்துவிட்டதே! குளிருக்குச் சட்டம் தெரியுமா? நவம்பர் ஒன்றாம் தேதி அரசு விடுமுறை, அன்றைக்கு எந்த அதிகாரி வேலை பார்க்கப்போகிறான் என்று லெஷெக் யோசித்தான். அதிகாரிகளுக்கும் செத்துப்போன அப்பா அம்மா உண்டு என்பதை மறந்துபோனான். அன்றைக்குப் போலந்தில் நடக்க முடிந்தவர்கள் எல்லோரும் செத்தவர்களுக்கு விளக்கேற்றக் கல்லறைக்குத்தான் வருவார்கள். திருட்டுத்தனமாக வேலை பார்க்க ஊரிலேயே மோசமான இடம் அந்த வாசல்தான்.

"லெஷெக் சார்தானே? என்ன தொலைச்சுட்டீங்க?"

லெஷெக் எழுந்து நின்றான். "பூச்சி இருக்கான்னு பாத்தேன் மேடம். தொட்டி வாங்கறதுக்கு முன்னாடி பாத்துக்கணுமில்ல?"

"ஓ, வாங்க வந்தீங்களா? கடைப் பேர் போட்ட ஏப்ரன் கட்டியிருக்கீங்களே."

"குளிருக்கு மேடம்."

அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர் கைத்தடியைத் தட்டிக்கொண்டு வந்தார். "ஏம்பா, காலையில குடுத்தியே, அதே சிவப்பு விளக்கு இன்னும் ரெண்டு குடு. மச்சான விட்டுட்டேன்."

"நான் கடைக்காரன் இல்லீங்க."

"பின்ன காலையில எங்கிட்ட காசு வாங்கினது யாரு, உன் ஆவியா?"

ஆல்டோனா மேடம் பார்த்துக்கொண்டே இருந்தார். காசு வாங்கினால்தானே வியாபாரம்? லெஷெக் இரண்டு விளக்கை எடுத்துப் பெரியவர் பைக்குள் திணித்தான். "கொண்டு போங்க ஐயா. காசெல்லாம் வேணாம்."

பெரியவருக்கு மாலைக்கண், ஆனால் குரல் மட்டும் வெண்கலம். "அட! யாத்வீகா, இங்க வா, இங்க சும்மாவே குடுக்கறாங்க!"

அடுத்த நிமிடம் கடை முன்னால் ஏழெட்டுப் பேர். ஒரு அம்மாள் தொட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுவும் சும்மாதானா என்று கேட்டாள். லெஷெக் ஆமாமென்றும் சொல்லாமல் இல்லையென்றும் சொல்லாமல் தலையை ஒருமாதிரி ஆட்டினான். தொட்டி போய்விட்டது.

ஆல்டோனா மேடம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தார். "இங்க எத்தனை பேர் வேலை பாக்கறாங்க, லெஷெக் சார்?"

"யாருமே இல்ல மேடம்."

"முதலாளி யாரு?"

"அப்படி யாரும் இல்ல. இது… தர்ம காரியம் மாதிரி."

"எப்ப வந்தா பாக்கலாம்?"

"யாரை?"

"முதலாளியை."

லெஷெக்கின் முதுகில் வியர்த்தது, வெளியே இரண்டு டிகிரிக் குளிரில். வழக்கமாக ஜன்னலுக்குள்ளிருந்து நேராகக் கண்ணைப் பார்த்துக் கேட்பவர், இன்று கையுறையைத் திருகிக்கொண்டே தணிந்த குரலில் கேட்கிறார். பொறியில் எலி நுழையும்போது பூனை சத்தம் போடாது என்று நினைத்துக்கொண்டான்.

போதாக்குறைக்குச் சாலையின் அந்தப் பக்கம் ஸ்டெஃபா வேனிலிருந்து சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். இன்னும் அரை நிமிடத்தில் இங்கே வந்து, "என்ன அண்ணே, யாவாரம் எப்படி?" என்பாள். அவளும் மேடமும் ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், கதை முடிந்தது.

லெஷெக் கைக்குக் கிடைத்த விளக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "வாங்க மேடம், சிலுவைகிட்டப் போவோம். எங்கம்மாவுக்கு விளக்கு வைக்கணும். அதுக்குத்தான் வந்தேன், வேற எதுக்கு?"

ஆல்டோனா மேடம் வாசலையே திரும்பித் திரும்பிப் பார்த்தார். லெஷெக் விடவில்லை. முழங்கையைப் பிடிக்காத குறையாக உள்ளே ஓட்டிக்கொண்டு போனான்.

கல்லறைத் தோட்டத்து நடுவில் பெரிய மரச்சிலுவை ஒன்று உண்டு. சொந்தக்காரர்கள் வேறு ஊரில் அடக்கமாகி, அங்கே போக முடியாதவர்கள் அதன் அடியில் விளக்கு வைப்பார்கள். லெஷெக் பெட்டியைக் கீழே வைத்தான். மேடம் பக்கத்திலேயே நின்றதால் ஒன்றை எடுத்து ஏற்றினான். அவர் நகரவில்லை. இன்னொன்றை ஏற்றினான். அப்போதும் நகரவில்லை. இப்படியே பன்னிரண்டும் எரிந்தன.

"அம்மாவுக்கே பன்னிரண்டா?"

"பெரிய மனசுக்காரி, மேடம்."

சொல்லிவிட்டு எரிகிற பன்னிரண்டையும் பார்த்தான். அம்மா எண்பது கிலோமீட்டர் தள்ளி அடக்கமாகியிருந்தாள். இருபத்திரண்டு வருடத்தில் இந்த வருடம்தான் அவன் போகவில்லை. ஊரில் உள்ள அத்தனை அம்மாக்களுக்கும் காலையிலிருந்து விளக்கு எடுத்துக் கொடுத்தவன், தன் அம்மாவுக்குப் பொய் சொல்லித் தப்பிக்க ஏற்றியிருக்கிறான். இதற்கா உன்னைப் பெற்றேன் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஏப்ரனின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான், அது கடை ஏப்ரன் என்பதையும் மறந்து.

ஆல்டோனா மேடமும் பையிலிருந்து ஒரு சின்ன விளக்கை எடுத்து ஏற்றினார். எழுந்தவர் சிலுவையைப் பார்த்தபடி கேட்டார்.

"இந்த மாதிரிக் கடையில எல்லாம் ஒருநாளைக்கு என்ன குடுப்பாங்க, லெஷெக் சார்? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே."

"ஒரு பைசா குடுக்க மாட்டாங்க மேடம்! ஆளே வைக்க மாட்டாங்க. எல்லாம் சொந்தக்காரங்க, அத்தை, சித்தப்பான்னு. வெளியாளு யாரையும் கிட்டச் சேக்கறதே இல்ல."

"நெசமாவா?"

"எங்கம்மா விளக்கு மேல சத்தியமா."

அவர் இன்னொருதரம் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு மஃப்ளரை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "சரி. திங்கக்கிழமை காலையில நான் அங்கதான் இருப்பேன். பாப்போம்."

திங்கட்கிழமையா! லெஷெக்கின் அடுத்த கையெழுத்துத் தேதி பதினெட்டு. கூப்பிடாத நாளில் பாப்போம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மேடம் பின்வாசல் வழியாகப் போவதை, தன் கைக்கு விலங்கு வரப்போகும் வழியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாசலுக்குத் திரும்பினால் கடை பாதி காலி. ஸ்டெஃபா இடுப்பில் கைவைத்து நின்றாள். நாற்பது வயது, குரலுக்கு மட்டும் எண்பது.

"வாங்கண்ணே, வாங்க! ஊருக்கே தானம் பண்ணிட்டு எங்க போனீங்க, மோட்சத்துக்கா?"

"ஸ்டெஃபா, ஆபீஸ்காரம்மா வந்துட்டாங்க. விசாரணை!"

"யாரு வந்தா எனக்கென்ன? பதினாலு விளக்கு, நாலு தொட்டி. உங்க கூலி அதுக்கே சரியாப் போச்சு. ஏப்ரனைக் கழட்டி வச்சுட்டு வீட்டுக்குப் போங்க." அவளுக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது. "நாளைக்கும் கூட்டம் வரும். அப்புறம் கிறிஸ்துமஸ் மர யாவாரம், முழுசா ரெண்டு மாசம். எழுத்துப்பூர்வமாவே வேலைக்கு வைக்கத் தயாரா இருக்கேன், கணக்கு வழக்கு தெரிஞ்ச நேர்மையான ஒரு ஆள் இந்த ஊர்ல கிடைக்க மாட்டேங்குது. யாராவது தெரிஞ்சா அனுப்புங்க, புண்ணியமாப் போகும்."

லெஷெக்கின் காதில் அது ஏறவில்லை. அவன் மனது திங்கட்கிழமையில் இருந்தது.

வீட்டில் இரேனா பார்லிக் கஞ்சியை முன்னால் வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டாள். "கூலியும் இல்ல, கரியும் இல்ல. சத்தியம் வேற பண்ணியிருக்கே, அதுவும் அத்தை விளக்கு மேல."

"பயந்துட்டேன் இரேனா."

"கெட்டிக்காரன் புளுகே எட்டு நாளைக்குத்தான். நீ கெட்டிக்காரனும் இல்ல. அந்தம்மா கூப்பிட்டுக் கேக்கறதுக்கு முன்னாடி நீயாப் போய்ச் சொல்லிடுய்யா."

"உன் முட்டி?"

"மூணு வருஷம் நொண்டினவ இன்னும் மூணு மாசம் நொண்டறேன். திருடன் பொண்டாட்டின்னு நேரா நடக்கறதைவிட அது தேவலை."

லெஷெக் ஞாயிறு முழுவதும் கொட்டகையில் மிச்சமிருந்த கரியைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை ஏழரைக்கே அலுவலகத்துக்குப் போய், யார் முகத்தையும் பார்க்காமல் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தான். அவன் எண் வந்ததும் மூன்றாம் ஜன்னலுக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். தொட்டி, பெரியவர், பன்னிரண்டு விளக்கு, பொய்ச் சத்தியம்.

கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்குள் ஒரு புதுப் பெண், மூக்குக் கண்ணாடியோடு, வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"சார், ஒருநாள் வேலை பாத்தீங்க. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதாம்மா."

"கூலி?"

"அதுவும் வாங்கல."

"ஆனா வேலை வேலைதான். பேரை எடுத்துடறேன். நீங்களா வந்து சொன்னதால தண்டம் எதுவும் வராது. இன்னிக்கே புதுசாப் பதிஞ்சுக்கலாம், காப்பீடும் விட்டுப்போகாது. வரிசையில கடைசியில போய் நில்லுங்க."

அவ்வளவுதானா? இதற்கா இரண்டு ராத்திரி தூங்கவில்லை? சட்டத்தை நேராகக் கேட்டிருந்தால் ஒரு பொய்யும் தேவைப்பட்டிருக்காது. லெஷெக்குக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இருந்தாலும் உறுத்தியது.

"ஆல்டோனா மேடம் என்னைப் பத்தி என்ன எழுதிக் குடுத்திருக்காங்கன்னு ஒருதரம் பாத்துச் சொல்லும்மா."

அவள் தட்டிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே சார்."

"எப்படி இல்லாமப் போகும்? கடையில எத்தனை பேரு, முதலாளி யாரு, கூலி எவ்வளவுன்னு குடைஞ்சு குடைஞ்சு கேட்டாங்களே. எதுக்கும்மா அதெல்லாம்?"

அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"அவங்களை வெள்ளிக்கிழமையோட வேலையிலேர்ந்து நிறுத்திட்டாங்க சார், கொஞ்சம் நகந்துக்குங்க, உங்களுக்கு அடுத்த டோக்கன் அவங்களோடதுதான்."